கத்தி பார்த்து வாங்கிய சாண்ட்விச்

சாமி,

போன வாரம் கோவளம் தாண்டி வரும்போது ஒரு கடைக் கண்ணாடியில் "முட்டை சேர்க்காத மயோனைஸ்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வெண்ணெயில் ரொட்டி வாட்டும் வாசனை. கடைக்காரர், "இன்னா சார் வோணும்?" என்றார். "இத்த அன்னிக்கே எவனாவது ஒட்டியிருக்கக் கூடாதாய்யா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். சுமார்தான்.

சாண்ட்விச் விஷயத்தில் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் படிப்பு உன்னால் வந்தது. ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேஜை நமக்கு. நீ திருக்கழுக்குன்றத்தில் கோயில் மடைப்பள்ளிக் குடும்பம்; முட்டை என்ற சொல்லே உங்கள் வீட்டில் கேட்காது. உனக்குப் போய்த் தூண்டில் பைத்தியம்! "மீன் புடிக்கிறது பாவம் இல்லியா சாமி?" என்று கேட்டால், "புடிக்கிறது விளையாட்டு, துன்றதுதான் பாவம். அத்த நீ பாத்துக்கோ" என்பாய். இறாலைத் தொட மாட்டாய். மைதா மாவை உருட்டி முள்ளில் குத்துவாய். அந்த மாவுக்கும் மடவை மீன் மயங்கி வந்தது. வந்த மீனெல்லாம் என் வீட்டுக் குழம்புக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுவது உன் வீட்டுக்குத் தெரியாது. ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு வருகிறவன் கட்டுச்சோறு கேட்க முடியுமா? என் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தால் நீ சாப்பிட மாட்டாய். அது எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆகவே சாண்ட்விச். அதற்கும் உன் சட்டம் ஒன்று உண்டு: நான் சமையல்கட்டுக்குள்ளேயே போய், முட்டையும் கறியும் தொடாத கத்தியில் ரொட்டியை வெட்டுகிறார்களா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும் முன் நீ கேட்பாய்: "கத்தி பாத்தியா?" நான் "பாத்தேன்" என்றால்தான் வாய் திறக்கும்.

அப்படிக் கத்தி பார்த்தே கடைகளைத் தேர்ந்தெடுத்தோம். முட்டுக்காட்டில் படகுத்துறை வாசல் வண்டிக்காரன் ஆம்லெட் போட்ட கல்லிலேயே ரொட்டியைப் போடுவான், தள்ளுபடி. கடப்பாக்கத்தில் டீயும் பன்னும்தான். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் வெண்ணெய் ஜாம் நன்றாக இருக்கும், வெயில் ஏறினால் ஒழுகிவிடும். புதுப்பட்டினம் பேக்கரிதான் என் கட்சி. தக்காளி, வெள்ளரி, காரமாகப் புதினாச் சட்னி, ஓரம் வெட்டாத ரொட்டி. மத்தியானம் வரை அசையாது. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

உனக்கோ மாமல்லபுரம். வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் தென்னை மரத்தடி ஓட்டல். முட்டைக்கோஸும் காரட்டும் துருவி ஏதோ வெள்ளைச் சாஸில் பிசைந்து வைப்பார்கள். "தேவாமிர்தம்யா!" என்று விரலை நக்குவாய். மூன்று வருஷம் அதைத் தின்றாய். நானும் மூன்று வருஷம் உள்ளே போய்க் கத்தியை மட்டும் பார்த்தேன். சாஸ் எதில் செய்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அந்த ஞாயிறு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே முகத்துவாரத்தில் முழங்கை நீள மடவை பிடித்தாயே, அன்றைக்கு. நாம் சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் பிடிக்க ஓட்டலுக்குப் போன நான் திரும்பி ஓடிவந்தேன். "சாமி, மன்னிச்சுக்கோ. அந்த வெள்ளச் சாஸ்ல முட்டை கீது. இப்பத்தான் பாத்தேன். மிக்சியில ஒடச்சு ஊத்துறாங்க" என்றேன். நீ எழுந்து தண்ணீருக்குள் போனாய். கடல் தண்ணீரிலேயே வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தாய். என் வண்டியில் ஏறாமல் பஸ் பிடித்துப் போய்விட்டாய். மீன் அங்கேயே கிடந்தது.

ஏழு வாரம். அலுவலகத்தில் கோப்பைத் தவிர வேறு பேச்சு இல்லை. போனால் போகட்டும் என்று வீறாப்பாகத்தான் இருந்தேன். ஆனால் ஞாயிறு காலையில் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன். எட்டாவது வாரம் தூண்டிலோடு நீயே வந்து நின்றாய்.

"அண்ணாத்த, கெளம்பு."

"கோவம் போச்சா?"

"போச்சு. தெரிஞ்ச ஒடனே ஓடியாந்து சொன்ன பாரு. வேற எவனாயிருந்தாலும் மூடி மறச்சிருப்பான். இனிமே புதுப்பட்டினமே போதும்யா."

அதன் பிறகு அதையே எல்லோரிடமும் சொன்னாய். அலுவலகத்தில், டீக்கடையில், கடைசியில் தூண்டில் குட்டு உடைந்தபோது வீட்டிலும். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் காரியத்துக்கு நான் வந்தபோது, அழுத கண்ணோடு உன் மனைவி என்னிடம் சொன்னதும் அதுதான்: "தெரிஞ்ச அந்த நிமிஷமே ஓடிவந்து சொன்ன மனுஷன்னு உங்களப் பத்தி எப்பவும் சொல்லுவாருங்க." உள்ளே கூப்பிட்டு, உன் உறவினர் வரிசையிலேயே இலை போட்டார். நான் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது கேள், சாமி. தண்ணீர் பிடிக்கப் போனபோது நான் எதையும் பார்க்கவில்லை. அதற்கு முன்பே, சாண்ட்விச் வாங்கப் போனபோதே பார்த்துவிட்டேன். சமையல்காரர் என் கண்ணெதிரே இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினார். பொட்டலம் அதற்குள் கைக்கு வந்துவிட்டது. வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நடந்தேன். நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று, "அண்ணாத்த, பெருசுய்யா, பெருசு!" என்று கத்திக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் கண்டதில்லை. கரையேறி, ஈரக்கையோடு, "கத்தி பாத்தியா?" என்றாய். "பாத்தேன்" என்றேன். கத்தியைப் பார்த்தது நிஜம்தானே.

மூன்று வருஷம் நடந்தது தெரியாமல் நடந்தது. அந்த ஒன்றை மட்டும் தெரிந்தே கொடுத்தேன். நீ கடைசி வாய் வரை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மனசு கேட்கவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன், ஓடிவந்தேன்.

ஊரெல்லாம் நீ சொல்லிவிட்டுப் போன அந்த மனுஷன் நான் இல்லை. அவனாக இருக்கத்தான் அன்றிலிருந்து பார்க்கிறேன். பாதி நாள் முடிகிறது, சாமி.