ஒன்பதாவது கேள்வி

எஸ்பத் அல்-புர்க்,
4 மார்ச் 2019

டாக்டர் ஹனான் அவர்களுக்கு, நஷ்வாவின் வாப்பா மித்வல்லி சொல்லி எழுதுவது.

உங்களுக்கு ஸலாம். நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் சண்டைக்கு வருகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. முடிவெட்டுகிற ஷெஹாத்தா எழுதுகிறான். டெலிபோன் செய்து பார்த்தேன். ஒரு பெண் ‘காத்திருங்க’ என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுகிறாள்.

என் மகள் ஹேண்ட்பால் ஆடும்போது முட்டி போனது. அறுவை செய்த டாக்டர், ஒன்பது மாதம் கழித்து, கால் தேறிவிட்டது, ஆடலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு தாள் கொடுத்தீர்கள், பயத்தை அளக்கிற தாள். பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். தைரியம் இருந்தால் மார்க் ஏறும். எல்லாம் கூட்டி நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்காக்கினால் அவளுக்கு முப்பத்தொன்று. கிளப்பில் அதைப் பார்த்துவிட்டுப் பெயரை எடுத்துவிட்டார்கள். சீசன் முடிவதற்குள் ஆடாவிட்டால் அடுத்த வருஷம் அவளுக்கு அங்கே இடமில்லை.

ஷெஹாத்தா ஒரு தடவை படித்ததிலேயே பன்னிரண்டும் எனக்கு மனப்பாடம். முதல் கேள்வி: மறுபடி அடிபடாது என்று எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள்? சைபர் போட்டிருக்கிறாள். மூன்றாவது: முட்டி வழுக்காது என்று உறுதியா? சைபர். ஏழாவதும் அப்படியே.

“ஏண்டி, இதுக்கெல்லாம் சைபரா?” என்றேன்.

“நாளைக்கு நடக்கப்போறத நான் எப்படி வாப்பா உறுதியா சொல்லுவேன்? அது அல்லாஹ்வுக்குத்தானே தெரியும்.”

நாற்பத்தாறு வருஷம் கடலுக்குப் போனவன் நான். சாயங்காலம் திரும்பி வருவேன் என்று ஒரு நாளும் நான் அடித்துச் சொன்னதில்லை. சொல்கிறவனோடு யாரும் படகில் ஏறமாட்டார்கள். நீங்கள் என் பெண்ணின் அடக்கத்தை அளந்துவிட்டு அதற்குப் பயம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். மார்க்கைத் திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மித்வல்லி (கட்டைவிரல்)


மன்சூரா,
11 மார்ச் 2019

மரியாதைக்குரிய மித்வல்லி மாமாவுக்கு,

ஸலாம். பாட்டுப் போடுகிற பெண்ணைக் கண்டித்துவிட்டேன்.

நீங்கள் சொன்னது என் மண்டையில் அடித்தது போல இருந்தது. அந்தக் கேள்விகள் வேறு நாட்டில் எழுதப்பட்டவை. நாங்கள் அரபியாக்கிச் சரிபார்க்கிறோம். இதுவரை எழுபது பேருக்குக் கொடுத்தாயிற்று. உறுதி என்கிற இடத்தில் நம் ஆட்கள் தயங்குவதை நான் கவனிக்கவே இல்லை. இனி ‘இன்ஷா அல்லாஹ்’ சேர்த்துக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். ஆண்கள் கதை வேறு. ‘அல்லாஹ்வைத் தவிர எவனுக்கும் பயமில்லை’ என்று முழு மார்க் போட்டுவிட்டு, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடமாட்டார்கள்.

ஆனால் மாமா, பன்னிரண்டும் மனப்பாடம் என்றீர்கள். ஒன்பதாவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. ‘ஆடும்போது மறுபடி அடிபடுமோ என்று பயப்படுகிறீர்களா?’ அதற்கும் நஷ்வா சைபர்தான் போட்டிருக்கிறாள். இந்தத் தாளில் அதற்கு அர்த்தம், மிகவும் பயப்படுகிறாள் என்பது. அது அடக்கம் இல்லை.

போட்ட மார்க்கைத் திருத்த எனக்கு உரிமை கிடையாது. இரண்டு வாரம் கழித்து எல்லோருக்கும் அதே தாளை மறுபடி கொடுக்கிறோம். அதை இதோடு வைத்திருக்கிறேன். சிலர் இரண்டாம் தடவை கிளப்புக்குப் பிடித்த மார்க்கைப் போட்டுவிடுகிறார்கள். இதை நான் உங்களிடம் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ஹனான்


எஸ்பத் அல்-புர்க்,
25 மார்ச் 2019

டாக்டரம்மாவுக்கு,

ஒன்பதாவதை நான் மறக்கவில்லை. சொல்லப் பிடிக்கவில்லை.

தாள் வந்ததும் ஷெஹாத்தா சொன்னான்: “எல்லாத்துக்கும் பத்து போட்டுத் தள்ளும்மா. எவன் முட்டியத் தொறந்து பாக்கப்போறான்?”

“ஏற்கெனவே தொறந்து பாத்தாச்சு, மாமா. பயம் அங்க இல்லயாம்” என்றாள் நஷ்வா.

நானும் பத்து போடத்தான் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சித்தப்பா முங்கிப்போன அப்புறம், எனக்குப் பயமில்லன்னு எழுதிக் குடுத்துட்டா நீங்க கடலுக்குப் போனீங்க?”

எண்பத்தொன்று, ஜனவரி, செவ்வாய்க்கிழமை, வடமேற்குக் காற்று. படகு கவிழ்ந்தது, என் தம்பி போனான். நாலாம் நாள் அதே இடத்தில் வலை போட்டேன். கை நடுங்கிய நடுக்கத்தில் முடிச்சு விழவில்லை. பல்லால் இழுத்து முடிந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குப் படகில் இருந்த எவனோ இவளிடம் சொல்லியிருக்கிறான்.

அவள் பழைய மார்க்கையே போட்டாள். ஒன்பதாவதுக்கும் சைபர். தாளை உங்களுக்கு அனுப்புவதற்கு முன் கிளப்புக்கு எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். கோச் கலால் தாளைப் பார்த்துவிட்டு, “இந்த மார்க்குக்கு உன்ன எறக்க முடியாதும்மா” என்றார்.

“கோச், பயமா இருக்குன்னு எழுதினவளும் நாந்தான், ஆடுறேன்னு சொல்றவளும் நாந்தான். ஒண்ண நம்புறீங்கல்ல, இன்னொண்ணயும் நம்புங்க.”

அவர் தாளைத் திருப்பி நீட்டினார். நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்று டீ வந்தது, குடித்தோம். கடைசியில், “டாக்டர்ட்ட ஒரு வரி வாங்கிட்டு வா” என்றார்.

தாள் இதோடு இருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதுங்கள். திருத்தச் சொல்லவில்லை.

மித்வல்லி (கட்டைவிரல்)


மன்சூரா,
1 ஏப்ரல் 2019

மித்வல்லி மாமாவுக்கு,

கோச்சுக்கு எழுதிவிட்டேன், ஒரு வரி இல்லை, ஒரு பக்கம். பயம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு துணையிருக்கத்தான் இந்தத் தாள், வெளியே உட்கார வைப்பதற்கு இல்லை என்று. இதை அனுப்பியதற்கு என் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அனுப்பியது அனுப்பியதுதான் என்றேன்.

ஹனான்


எஸ்பத் அல்-புர்க்,
14 ஏப்ரல் 2019

டாக்டரம்மா ஹனானுக்கு,

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்டம். கடைசிப் பன்னிரண்டு நிமிஷம் இறக்கினார்கள். இரண்டு கோல் போட்டாள். ஒரு தடவை அந்தக் காலிலேயே தாவி, அந்தக் காலிலேயே இறங்கினாள். முட்டி நின்றது. நாங்கள் தோற்றோம், மூன்று கோல் வித்தியாசத்தில். அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

வரும்போது கேட்டேன், “இப்ப பயம் போச்சா?”

“இல்ல வாப்பா. அதுவும் கூடவே ஓடி வருது. ஆனா என்ன முந்தல.”

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தாளை ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பீர்களா? அவள் தாவினபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கோலை நான் பார்க்கவில்லை. ஷெஹாத்தா சொல்லித்தான் தெரியும். எனக்கும் ஒரு தாள் எழுதுங்கள். ஒன்பதாவது கேள்விக்கு சைபர் போடுங்கள். கிளப்புக்குக் காட்டினாலும் சரி, தெருவில் ஒட்டினாலும் சரி.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அவள் ஆடுகிறாள். நான் ஆடுகளத்தை ஒட்டின முதல் படியில்தான் உட்காரப்போகிறேன்.

இப்படிக்கு,
மித்வல்லி

(கட்டைவிரல். இந்தத் தடவை கோணலாக விழுந்திருக்கிறது. வேறு வைக்கச் சொன்னேன், இதுவே இருக்கட்டும் என்கிறார் — ஷெஹாத்தா)