நான் எழுதாமல் விட்ட குரல்

டேய்,

இன்று போலீஸ் ஸ்டேஷனில், சாட்சிப் பொருட்களைப் பூட்டிவைக்கும் மால்கானாவைச் சுத்தம் செய்தோம். முடிந்த வழக்குகளின் பொருட்களை அள்ளி வெளியே போடும்போது ஒரு நைலான் கயிறு கையில் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் உப்பும் டீசலும் வீசியது. அதில் கட்டியிருந்த அட்டையில் உன் பெயர், என் கையெழுத்தில்.

அன்று வண்டூர் கடற்கரையில் ஆறு படகுகளை அவிழ்த்து விட்டிருந்தாய். ஒன்று பாறையில் மோதி உடைந்தது. இந்தத் தீவில் ஸ்டேஷன் பேச்செல்லாம் இந்திதான்; அன்று உனக்கு அது வாயிலேயே வரவில்லை. நீ தமிழில் சொல்வதைக் கேட்டு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நாம் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்று நான் மூச்சு விடவில்லை.

"கட்டிப்போட்டா அதுங்களுக்கு வலிக்குதாம்டா. அவுத்து விடுன்னு ஒருத்தன் காதுலயே சொல்லிக்கிட்டு இருக்கான். அவன் சொன்னதையும் எழுதுடா."

"சும்மா இருடா. பாகல், பைத்தியம்னு ஊரே பேசும். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறாங்கள்ல?"

உன் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம், பெரிய மனுஷன் நான். படகுகளை அவிழ்த்தது நீதான் என்பதோடு நிறுத்திவிட்டேன். மாஜிஸ்திரேட் கேட்டதற்கும் தலையாட்டினாய். காகிதத்தில் நீ படகு திருட வந்த வெறும் திருடன். திருடனுக்கு எந்த டாக்டர் வருவார்? மாத்திரை இல்லாமல் நான்கு மாதம் உள்ளே கிடந்தாய். நான் பார்க்க வந்தபோது சுவரைத்தான் பார்த்தாய். வெளியே வந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாய். உன் தங்கை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவள் செய்வது சரிதான்.

போன வாரம், கடைக் கண்ணாடியை உடைத்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னாள். அதை அப்படியே எழுதினேன்.

"அரே, இதெல்லாம் எதுக்கு? ஜல்தி முடி," என்றார் எஸ்.ஐ.

"முதல்ல டாக்டர் பாக்கட்டும் சாப். அப்புறம் கோர்ட்டு," என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஜீப் அனுப்பினார்.

அன்றிலிருந்து கேன்டீனில் எனக்கு 'பாகல் டாக்டர்' என்று பெயர். சேர்ந்து சிரித்து வைக்கிறேன். மின்னி பே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் இதைச் சொல்ல ஆளில்லை. சொல்லவேண்டிய ஆள் நீதான்.

கயிற்றை எரிக்கிற குவியலில் போடச் சொன்னார்கள். போட்டேன். அட்டையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து, நீ அன்று சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதினேன். அவன் சொன்னதையும். இப்போது அது என் சட்டைப்பையில் இருக்கிறது.