உன் பைக்கில் நான் ஊற்றிய ஆயில்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது, இங்கே யாருக்கும் நோய்நொடி இல்லை, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, துணி காயப்போட மாடிக்கு அவளே ஏறுகிறாள், வேண்டாம் என்றால் என்னை முறைக்கிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உன் பைக்கின் கிளட்சைக் கெடுத்தது மருமகள் இல்லை, நான்தான். போன மாதம் மேம்பாலம் ஏறும்போது என்ஜின் அலறுகிறது வண்டி நகரவில்லை என்று தள்ளிக்கொண்டு வந்தாள். கழற்றிப் பார்த்தால் கிளட்ச் பிளேட் எல்லாம் கருகிக் கிடந்தது. எப்போதும் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டினால் இரும்பே தாங்காது, இதற்கெல்லாம் கைப்பக்குவம் வேண்டும் என்று பக்கத்துக் கடைத் தையல்காரரும் முடிதிருத்துபவரும் உட்கார்ந்திருக்க என் மெக்கானிக் கடை வாசலிலேயே ஏசிவிட்டேன். மறுநாளிலிருந்து பேருந்தில்தான் வேலைக்குப் போகிறாள், இரண்டு பேருந்து மாற வேண்டும். புது பிளேட் போட்டு நானே ஓட்டிப் பார்த்தேன், அதே மேம்பாலம், அதே அலறல். அப்புறம்தான் புத்தி வந்து, சர்வீஸின்போது நான் ஊற்றிய ஆயில் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், அது காருக்கு ஊற்றுகிற ஆயில். இப்போதெல்லாம் என் கடைக்கு ஸ்கூட்டர்தானே வருகிறது, அதில் கிளட்ச் தனி அறையில் காய்ந்து கிடக்கும், தானே பிடிக்கும் தானே விடும், எந்த ஆயில் ஊற்றினாலும் அதற்குக் கவலையில்லை. உன் பைக்கில் பிளேட் எல்லாம் என்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடப்பவை, கார் ஆயில் பட்டால் வழுக்காமல் என்ன செய்யும். மகன் வண்டிக்கு உசத்தியானதாக ஊற்றுவோம் என்று பழகின கை ஊற்றிவிட்டது. இத்தனை வருடம் ஸ்பானர் பிடித்தவன் செய்கிற காரியமா இது, நினைத்தால் கூசுகிறது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. சரியான ஆயிலும் பிளேட்டும் மாற்றி வைத்த அன்று சாயங்காலம் அவளே வந்து, "மாமா, கிளட்ச எப்படிப் பிடிக்கணும்னு ஒரு தடவ காட்டுங்க, அவரு வண்டிய நான் கெடுத்துட்டேன்ல" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவளை வண்டியில் உட்காரவைத்து, விரலை இப்படி மடக்கு, மெதுவாக விடு என்று காட்டிக்கொடுத்தேன். அவளும் சரிங்க மாமா, சரிங்க மாமா என்று பிடித்துப் பிடித்துப் பழகினாள். அவள் கையில் ஒரு குறையும் இல்லையடா. அன்று ராத்திரி சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டேன், அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று அங்கேயும் ஒரு பொய்.

ஏசியது நாலு பேர் முன்னால், ஆகையால் உண்மையை நான் அவளிடம் சொல்வதும் அந்தக் கடை வாசலில்தான், தையல்காரரும் இருக்கட்டும். நீ முந்திக்கொண்டு அவளிடம் சொல்லிவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவர் ஆசியும். ஒன்று மட்டும் மறக்காதே, இந்தக் கடிதம் கிடைத்தபின் போனில் பேசும்போது "உங்க வண்டிய நான்தான் கெடுத்தேன்" என்று அவள் இன்னமும் சொன்னால், உன் அப்பன் இன்னும் வாய் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் முகத்தையும் பார்க்க வெட்கப்படும்
அப்பா