பீரோவுக்குப் பின்னால் சேறு

ஆடி 19, திங்கள்
சுள்ளென்று வெயில். இங்கே சொட்டு மழை இல்லை. எங்கோ பெய்தது கொள்ளிடம் வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போயிருக்கிறது. வெள்ளத்துக்கு ஒதுங்கியிருந்த உறையூர் அத்தை வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும் ஸ்ரீரங்கம் திரும்பினோம். கதவு ஊதிப்போய்த் திறக்கவில்லை. உள்ளே கணுக்கால் அளவு சேறு. சுவரெல்லாம் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. பின்னறையில், பீரோவுக்கு மேலே, விரல் நுழையும் வெடிப்பு.

கூப்பிட்டனுப்பிய மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்தார். "இடிச்சுத்தாங்க கட்டணும். அதுவரைக்கும் இங்க படுக்காதீங்க."

இன்சூரன்ஸுக்குப் போன். "எங்க சர்வேயர் வந்து சேதத்தப் பாக்கற வரைக்கும் எதையும் கழுவாதீங்க மேடம்."
கரண்ட் இல்லை. பின்னறை இருட்டில் இரண்டு போட்டோ.

ஆடி 20, செவ்வாய்
லீவு. அத்தை வீட்டு மாடியில் இன்சூரன்ஸ் பாலிசியோடு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி சேர்த்துக் கொடுத்தது. அவர் போனபின் கடன் என் சம்பளத்தில். உறையை இன்றுதான் பிரிக்கிறேன். தலையணை மொத்தத்தில் இருக்கும் நாவல்களையெல்லாம் படித்தவள், இந்த மெல்லிய தாள்களில் திணறுகிறேன்.

புரிந்தவரை:
வெள்ளம் - உண்டு.
கட்டடம் - உண்டு. காம்பவுண்டு சுவர்கூட.
சாமான்கள் - தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஃபிரிட்ஜ், கட்டில், கீழ்த்தட்டுப் புத்தகங்கள், போச்சு.
நாள்பட்ட ஈரக்கசிவு - கிடையாது.

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். ஆற்றங்கரை வீடு, பின்னறைச் சுவர் என்றைக்குமே ஓதம் ஏறி ஈரமாகத்தான் இருக்கும். வெடிப்பு இந்த வெள்ளத்தால்தான் என்று சொல்ல அந்தச் சேற்றுக் கோடுதான் சாட்சி. பணம் வராவிட்டால் சுவர் இல்லை. சுவர் இல்லாமல் வீடு இல்லை. இன்னொரு கடனை என் சம்பளம் தாங்காது.

அம்மாவிடம் விளக்கினேன். "சரி சரி."

ஆடி 22, வியாழன்
ஆபீஸ். சர்வேயர் நாளை காலை வருகிறாராம். உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

சாயங்காலம் நேராக ஸ்ரீரங்கம் போனால் வாசலில் செம்மண் கோலம். உள்ளே பினாயில் வாசனை. சுவர்கள் பளிச்சென்று. அம்மாவும் எதிர்வீட்டு ராணி அக்காவும் தேங்காய் நாரும் துடைப்பமுமாக.

"கழுவாதேன்னு சொன்னேனேம்மா!"
"நாளைக்கு ஆடி வெள்ளிடி. வேத்து மனுஷன் வேற வர்றாரு. இந்தக் கண்றாவியப் பாத்தா நம்மள என்ன நெனைப்பாரு?"
"அந்தக் கண்றாவியப் பாக்கத்தாம்மா வர்றாரு!"
ராணி அக்கா துடைப்பத்தை உதறினாள். "ஒனக்கென்னடி, இன்சூரன்ஸ் இருக்கு. எங்களுக்குச் சேறு மட்டுந்தான்."
துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்தேன்.

ஆடி 23, வெள்ளி
சர்வேயர். நரைத்த மீசை, வாசலிலேயே ஷூவைக் கழற்றினார்.
"தண்ணி வந்த வீடு மாதிரியே தெரியலீங்களேம்மா."
அம்மா முகம் மலர்ந்தது. "நேத்து பூரா கழுவுனோம் சார். காபி சாப்பிடுங்க."

என் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். சேறா நிழலா, எனக்கே தெரியவில்லை. வெடிப்பில் டார்ச் அடித்தார். "பழைய ஓதமா இருக்கலாம் மேடம். தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு நான் எத வச்சு எழுதறது?"

பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். உண்மைதான், என் காதுக்கே பொய்போல இருந்தது. பேனாவை மூடிவிட்டார்.

அம்மா கதவோரம். முந்தானையை முறுக்கிக்கொண்டு, தலை நிமிராமல்: "ஒரு எடம் மட்டும் கழுவல சார். பீரோவ எங்க ரெண்டு பேரால நகத்த முடியல."

மூவரும் தள்ளினோம். பின்னால் இடுப்பு உயரக் கோடு, அப்படியே. வெடிப்பு அதைத் தாண்டித் தரைவரை இறங்கியிருந்தது. அடியில் இன்னும் காயாத வண்டல். அவர் டேப் வைத்து அளந்து, மளமளவென்று படம் எடுத்தார். அம்மா வேறு பக்கம் திரும்பி நின்றாள், யாரோ உடை மாற்றுவதைப் பார்க்க நேர்ந்ததுபோல.

"எழுதிடறேன். முடிவு கம்பெனி கையில. திரும்ப வந்து பாத்தாலும் பாப்பாங்க, இத மட்டும் தொடாதீங்கம்மா."

ஆடி 24, சனி
வெயில். மேஸ்திரியின் போனை எடுக்கவில்லை. என்ன சொல்வது?

பகலில் வீட்டுக்குப் போனோம். பீரோ அறை நடுவில் நிற்கிறது. வாசலில் ராணி அக்கா குரல் கேட்டதும் அம்மா பின்னறைக்கு ஓடினாள். போய்ப் பார்த்தேன்: யார் கண்ணிலும் படாதபடி சுவரை மறைத்து, கொடி கட்டி, தன் பழைய புடவையைத் தொங்கவிட்டிருக்கிறாள். சேற்றுக் கோட்டில் துணி உரசிவிடாமல், ஒரு சாண் தள்ளி.