ஒரு மைலுக்குப் பின் வரும் வலி

பங்குனி 3, வெள்ளி

காலையிலேயே வெயில். கோரையாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மணல்தான். எங்கள் தெருவிலிருந்து ஆறு பிரியும் மூணாறு தலைப்பு வரை கரைமேல் ஓட்டம், திரும்பி வர நடை. செல்வராசுவும் வந்தான். பக்கத்து ஊர்க்காரன், அவனும் அதே செலக்‌ஷனுக்குத்தான். கடைசிக் கொஞ்ச தூரம் முழு மூச்சாக ஓடினோம். நின்றதும் தலைவலி. பின்மண்டையில் இடது பக்கம் கிளம்பி இடது கண் வரை. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு உலக்கை இடி. முக்கால் மணி நேரம்.

நடந்தால் வலி இல்லை. உளுந்து பிடுங்கினால் லேசாக. ஓடினால் முழுசாக.

தஞ்சாவூரில் போலீஸ் செலக்‌ஷனுக்கு இன்னும் பதினேழு நாள். ஒரு மைல் ஓட்டம், கயிறு ஏறுவது, நீளம் தாண்டுவது. தேறினால் எங்கள் தெருவில் காக்கி போடும் முதல் ஆள் நான். தவறினால் வயசு தாண்டிவிடும், அடுத்த தடவை கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு ஐந்து வருஷம் பண்ணையில் நாற்றுக்கட்டு சுமந்தாயிற்று. போதும்.

தலைவலிக்கு என்ன காரணமாக இருக்கலாம்:
1. வெயில்.
2. தண்ணீர் குடிக்காதது. (ஓடுமுன் குடித்தால் விலா பிடிக்கும் என்கிறான் செ. அவன் சொன்னால் வேதம்.)
3. வெறும் வயிறு.
4. மூச்சை அடக்கி ஓடுவது.
5. கண்.
6. தூக்கம் போதாதது.

தினம் ஒன்றை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பங்குனி 4, சனி

தண்ணீர். ஓடுமுன் ஒரு சொம்பு, வந்ததும் உப்புப் போட்டு ஒரு சொம்பு. வயிற்றுக்குள் குடம் ஆடியது. வலி அப்படியே.

பட்டியலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சலை அக்கா முறத்தோடு வந்தாள். நாலு வீடு தள்ளித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தது. வீரையன் மச்சான் ஜெயிலுக்குப் போனதிலிருந்து பகலெல்லாம் இங்கேதான்.

"தண்ணி, சோறு, வெயிலு, எல்லாம் எழுதியிருக்கே. தலையில வாங்கினியே, அதை எங்க காணும்?"

"மெதுவாப் பேசுடி" என்றாள் அம்மா.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள். தை அறுப்பில் கூலி நெல்லை அரை மரக்கால் கூட்டிக் கேட்டுச் சங்கத்தார் கதிர் அறுக்க மறுத்தார்கள். பண்ணை, லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. களத்தில் தகராறு. மச்சான் முன்னால் நின்றார். நான் சங்கத்தில் இல்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துவரத்தான் போனேன். பண்ணை ஆள் ஒருவன் மூங்கில் கழியை அவர்மேல் ஓங்கினான். நடுவில் என் மண்டை. அதற்கு அப்புறம்தான் எங்கள் ஆட்கள் கை வைத்தார்கள். பண்ணை ஆள் ஒருவனுக்குக் கை முறிந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான், கேஸ் ஆயிற்று. மச்சான் முதல் எதிரி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காயத்தோடு போனால் எங்கே, எப்படி, யார் என்று எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். கேஸில் பேர் ஏறிவிடும். கேஸில் பேர் உள்ளவனுக்குப் போலீஸ் வேலை எவன் கொடுப்பான்? அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினாள். இப்போது மேலே முடி வளர்ந்துவிட்டது. தெருவில் அடிபட்ட இன்னும் இரண்டு பேரும் போகவில்லை, போனால் தங்களையும் உள்ளே தள்ளுவார்கள் என்று பயம். ஆக, போலீஸ் காகிதப்படி அன்றைக்கு அடிபட்டவன் பண்ணை ஆள் மட்டும்தான்.

ரொம்பக் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக அப்போது நினைத்தேன்.

பங்குனி 6, திங்கள்

வயிறு. நீராகாரம், சின்ன வெங்காயம், அரை மணி கழித்து ஓட்டம். வலி.

டீக்கடை ரேடியோவில் மந்திரி பேச்சு. உச்சவரம்புக்கு மேல் ஒரு குழி நிலம்கூட யாரிடமும் விடமாட்டார்களாம். எங்கள் பண்ணையிடமும் இல்லைதான். சமையல்காரர் பேரில் இருக்கிறது, கார் டிரைவர் பேரில் இருக்கிறது, போன வருஷம் செத்த நாயின் பேரில் எவ்வளவு என்று பட்டா வாங்கிப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர்: "என்ன ஏட்டய்யா, ஓட்டமெல்லாம் எப்படிப் போவுது?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

வாங்க வேண்டியது: கான்வாஸ் ஷூவுக்கு நாடா, வெள்ளை பனியன், சீயக்காய்.

பங்குனி 9, வியாழன்

வெயில் ஏறுமுன் ஓடி முடித்தேன். வலி. முதல் நாள் ஒன்பது மணி நேரம் தூங்கியும் இருந்தேன். இரண்டு காரணம் ஒரே நாளில் செத்தது.

மூச்சு. தூங்குமூஞ்சி மரத்தில் கயிறு கட்டி ஏறினோம். செ. சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறச் சொன்னான், எண்ணினால் மூச்சு அடையாதாம். எண்ணிக்கொண்டே ஏறினேன். பதினொன்றில் மண்டைக்குள் யாரோ கதவை அறைந்து சாத்திய மாதிரி. இறங்கியபின் கொஞ்ச நேரம் செ.வுக்கு முகம் இரண்டு.

"என்னடா அப்படிப் பாக்குறே?"

"ஒன்னுமில்ல. நீ ஒருத்தன் இருக்கறதே தாங்கல."

சிரித்தான். நல்லவேளை.

பங்குனி 12, ஞாயிறு

ஓடவில்லை. வலி இல்லை. காற்றே கிடையாது, ஒரே புழுக்கம்.

சங்கத்து வக்கீல் தெருவுக்கு வந்தார். கோயிலடியில் உட்கார்ந்து எல்லோரிடமும் பேசினார். மச்சானுக்கு ஜாமீன் மறுபடியும் தள்ளுபடி. வாய்தாமேல் வாய்தா.

"அவங்க பக்கம் ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சிருக்கு, சர்டிபிகேட் இருக்கு. நம்ம பக்கம் ஒரு கீறல் கூட இல்லேங்கறான். நீங்கதான் கும்பலாப் போயி அடிச்சீங்கன்னு ஆவுது. உங்கள்ல ஒருத்தருக்காவது காயம் இருந்தா சொல்லுங்க. தழும்பா இருந்தாலும் பரவாயில்ல. டாக்டரைப் பாக்க வெச்சு, இவங்களும் அடிபட்டவங்கதான்னு தாக்கல் பண்ணலாம். வீரையனுக்கு ஏழு வருஷம் வரைக்கும் போகும், புரியுதா?"

தெருவில் அத்தனை பேருக்கும் என் தலை தெரியும். அத்தனை பேரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள், எனக்காக. அக்காவும் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பயற்றங்காயை உரித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். இது பொய். கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பங்குனி 14, செவ்வாய்

மன்னார்குடி. தனி டாக்டர். அரசாங்க ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் பெரிய குளத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். தலையில் நிறைய எண்ணெய், வகிடு மாற்றி வாரியிருந்தேன்.

பெரியவர், பொறுமைசாலி. விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "பலமா ஓடினா தலைவலி வர்றதுக்கு நிறையக் காரணம் இருக்குப்பா. தண்ணி கொறைஞ்சா வரும். வேர்வையில உப்பு போனா வரும். வெயில்ல வரும், பட்டினியா ஓடினா வரும். மூச்சை அடக்கி முக்கினா மண்டையில அழுத்தம் ஏறி வரும். பிரஷர் இருந்தா வரும். சில பேருக்கு ஒரு காரணமும் இல்லாம வந்து தானாப் போயிடும்." கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தார். சரியாக இருந்தது. கண்ணில் டார்ச் அடித்தார். இடது கண்ணில் ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமாங்க."

"அதுக்கு முன்னாடி ஓடினா வராது?"

"வராதுங்க."

"தலையில அடி ஏதாச்சும் பட்டுதா? மரத்துலேர்ந்து விழுந்தது, மாடு முட்டினது?"

"இல்லீங்க டாக்டர்."

டார்ச்சை மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அடி பட்டிருந்தா கதையே வேற. உள்ள ரத்தம் கசிஞ்சு கொஞ்சங் கொஞ்சமாத் தேங்கும். வெளியில காயம் ஆறிப்போயிருக்கும். அப்படி இருக்கறவன் ஓடவே கூடாது. வாந்தி வந்தாலோ, கண்ணுக்கு ரெண்டாத் தெரிஞ்சாலோ, எங்கிட்ட வந்து நிக்காதே. நேரா தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி. தெரியுதா?"

"தெரியுதுங்க."

மாத்திரை கொடுத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் அழுகை வந்தது, காரணம் இல்லாமல். காரணம் இல்லாமல் என்று எழுதுகிறேன் பார்.

பங்குனி 17, வெள்ளி

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினேன். தலைப்பிலே மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி.

செ. முதுகைத் தடவிவிட்டான். "என்னடா இது? தின்னது ஒத்துக்கலையா?"

"ஆமா."

"மூணு நாள்தான் இருக்கு. ஓடாம கெட."

போட்டிக்காரன் சொல்கிற புத்தியா என்று எரிச்சல் வந்தது. அவன் நல்லதுக்குத்தான் சொன்னான்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். போனால் தலையைப் பார்ப்பார்கள். பார்த்தால் எழுதுவார்கள். எழுதினால் மச்சானுக்கு ஒரு காகிதம் கிடைக்கும், எனக்கு வேலை போகும். செலக்‌ஷன் முடிந்ததும் போய்க்கொள்ளலாம். மூன்று நாளில் என்ன ஆகிவிடும்.

பங்குனி 18, சனி

அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா வந்து அவளை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். விரலால் தழும்பைத் தேடிப் பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டாள். அழுத்தவில்லை.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"அவரு மேல விழுந்திருக்க வேண்டியது. எனக்காவத்தான் நீ போனே. அதை நான் மறக்கலடா. ஆனா அவரு உள்ள இருக்காரு. ரெண்டு புள்ளைங்களுக்கும் நான் என்ன சொல்லட்டும்?"

"வேலை கெடைச்சதும் நானே நல்ல வக்கீலா வெக்கிறேன்க்கா."

"வேலை கெடைச்சதும்." அவ்வளவுதான் சொன்னாள். சீயக்காயைத் தலையில் அரக்கித் தேய்த்தாள். கண்ணில் பட்டுவிட்டது என்று நான் திட்டினேன். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது, சௌகரியமாகப் போயிற்று.

பங்குனி 20, திங்கள்

தஞ்சாவூர். முதல் வண்டியில் போனோம். மைதானத்தில் முந்நூறு பேராவது இருக்கும். ஒரே வேர்வை நாற்றம், எல்லார் மார்பிலும் சாக்கட்டியால் எண்.

உயரம், மார்பு: பாஸ். தாண்டல்: பாஸ். கயிறு: பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டே ஏறினேன்.

ஓட்டம்: என் கூட்டத்தில் மூன்றாவது. கடைசிச் சுற்றில் கோடு இரண்டாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓடினேன். முடிந்ததும் கக்கூஸுக்குப் பின்னால் போய் வாந்தி, வாயைக் கழுவிக்கொண்டு வந்து வரிசையில் நின்றேன். செ. ஓட்டத்தில் தோற்றுவிட்டான். நாலு நொடி தாமதம். என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

நாளை மெடிக்கல்.

பங்குனி 21, செவ்வாய்

ஜட்டியோடு வரிசை. பல், கண், காது, தட்டையான பாதமா என்று ஈரக்காலோடு நடக்கச் சொன்னார்கள். இடது கண் அட்டையில் கடைசி வரி தெரியவில்லை. முன்னால் நின்றவன் வாசித்ததை மனப்பாடமாகச் சொன்னேன்.

டாக்டர் தலைமுடிக்குள் விரலை விட்டார். நின்றது விரல்.

"இது என்ன?"

"சின்ன வயசுல மாடு முட்டினதுங்க சார்."

"ரொம்பப் பழசா?"

"ரொம்பப் பழசுங்க."

எழுதிக்கொண்டார். ஃபிட். ஸ்டேஷன் விசாரணை மட்டும் பாக்கி. இனி நானே போய்த் தலையைக் காட்டினாலும் அது மாடு முட்டின தழும்புதான். அரசாங்க டாக்டர் கையெழுத்தோடு.

பங்குனி 24, வெள்ளி

திருச்சி ஜெயில். மச்சானைப் பார்த்துச் சேதி சொல்ல. அக்கா வரவில்லை, வடை மட்டும் கட்டிக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் மச்சான் பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்து வந்தார். இளைத்திருந்தார். எப்போதும் போலச் சிரித்தார்.

"என்ன மாப்ளே, செலக்டா?"

"ஆமாங்க மச்சான்."

"எனக்குத் தெரியும். தலை எப்படியிருக்கு?"

"நல்லாருக்குங்க. கால்ல என்ன?"

"அது ஒன்னுமில்ல. புடிச்ச புதுசுல ஸ்டேஷன்ல கேட்டாங்க. உன் மச்சினனும் களத்துல இருந்தானாமே, ஒத்துக்கன்னாங்க. நாலு நாளு கேட்டாங்க. அவன் அன்னிக்கு ஊர்லயே இல்ல, தஞ்சாவூருல இருந்தான்னு ஒரே புடியா நின்னுட்டேன். அதான் ஒம்பேரு எங்கயும் வரல. விசாரிக்க வந்தாங்கன்னா நீயும் அதையே சொல்லு, மாத்திடாத."

கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட எதுக்கு." காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். பிறகு, "நீ வேலைக்குப் போனப்புறம் நம்மாளுங்க யாராச்சும் மாட்டினா, உள்ளங்கால்ல மட்டும் அடிக்காதடா. சேத்துல எறங்க முடியாமப் போயிடுது."

கிண்டலுக்குத்தான் சொன்னார். வடையை வார்டர் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

இன்று ஓடவில்லை. திரும்பி வரும் பாசஞ்சர் ரயிலில் உட்கார்ந்தபடியே வலி வந்தது. தஞ்சாவூர் வருமுன் இரண்டு தடவை வாந்தி. பெரியாஸ்பத்திரிக்குப் போக அங்கே இறங்க எழுந்தேன், வண்டி நகர்கிற வரை கதவண்டை நின்றேன், திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டேன். நாளைக் காலையில் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து வருகிறார்கள் என்று தலையாரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா வாசல் மெழுகிக்கொண்டிருக்கிறாள்.