தளபதிக்கு இரண்டு இடது கைகள்

திண்டிவனம்
22-2-58, சனிக்கிழமை இரவு

அன்புள்ள வீரம்மாள் அக்காவுக்கு உன் தங்கை எழுதுவது.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. மாமாவுக்கு வேண்டாம். உன் மாமியாருக்கு வேண்டவே வேண்டாம். உன் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் நம் அம்மாவுக்கும் வேண்டாம். அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே என்று இருந்துவிடாதே. நீ படிக்கும்போது உன் முகம் போகிற போக்கைப் பார்த்தே என்னடி என்று பிடித்துக்கொள்வாள். கொல்லைப் பக்கம் போய் நின்று படி, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உறையின் மேல் விலாசம் எழுதப் போவது என் வகுப்பு அம்மணி. யாருடைய கையெழுத்து என்று கேட்டால் உன் பள்ளிக்கூடத்துப் பழைய சிநேகிதி என்று சொல்லிவிடு.

குழந்தைக்கு மூக்கடைப்பு விட்டதா? ராத்திரியில் அழுகிறான் என்று போன கடிதத்தில் மாமா எழுதியிருந்தார். அம்மா விழுப்புரம் வந்ததிலிருந்து இங்கே நான்தான் சமையல். கேப்பைக் களி இப்போதெல்லாம் கட்டி விழாமல் வருகிறது. குழம்பில் உப்புதான் ஒரு நாள் இருக்கிற மாதிரி மறுநாள் இருப்பதில்லை. அப்பா அதையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். மல்லாட்டைக் கடலை வரத்து அதிகமாகிவிட்டதால் எண்ணெய் மில்லில் ராத்திரியிலும் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறார்கள். எடை போட்டு முடித்த பிறகுதான் வருவார். இப்போதும் அங்கேதான் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும். அவசரத்தில் எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அக்கா, நான் இன்று மேடையேறிவிட்டேன்.

பொங்கலுக்குக் கெடார் அத்தை வந்தபோது நடந்ததை அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். ஆண்டு விழா நாடகத்தில் எனக்குத் தளபதி வேஷம் என்று நான்தான் சந்தோஷத்தில் உளறிவிட்டேன். அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை இலையிலேயே உதறிவிட்டு, “இன்னாடா தம்பி இது! வயசுக்கு வந்த பொண்ணு ஆம்பள வேஷம் கட்டிக்கினு ஊரு முன்னால குதிக்கப் போவுதா? இதுக்குத்தான் நாலாம் பாரம் வரைக்கும் படிக்க வெச்சியா?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. “வேஷம் கீஷம்னு போனே, அன்னியோட பள்ளிக்கூடம் நின்னுது, தெரிஞ்சுக்கோ” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அத்தை அதோடு விடவில்லை. மாசி பிறந்ததும் வருகிறேன், தன் மகன் வேங்கடேசனுக்கு இவளைக் கொடுப்பதைப் பற்றி அப்போது பேசி முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அத்தைதான் நாளைக்குக் காலை பஸ்ஸில் வருகிறார்.

அப்படியிருக்க ஏன் போனாய் என்று நீ திட்டுவாய். முடியாது என்று சொல்லத்தான் தமிழ் டீச்சரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், பளபளவென்று காகிதம் ஒட்டிய மரவாளை என் கையில் கொடுத்து, கனமாக இருக்கிறதா பார் என்றார். பிடித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடுப்பை அவரவரே தைத்துக்கொண்டு வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு விட்டுவிட்டுப் போனாயே, அந்த அரக்கு சாட்டின் பாவாடை, அதை எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளிடம் மிஷின் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளிடம் ஒரு பித்தான் வைக்கக் கொடுத்தாலே சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் கையாலேயே தைத்தேன், அப்பா மில்லுக்குப் போயிருக்கும் நேரமெல்லாம்.

சாட்டினை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. வெட்டின ஓரத்தைத் தொட்டால் போதும், நூல் நூலாகப் பிரிந்து வருகிறது. நெஞ்சு அகலத்தைக் கயிறு வைத்து அளந்து, அந்தக் கயிறு எவ்வளவோ அவ்வளவுக்கே வெட்டிவிட்டேன். மூச்சு விடவும் கையைத் தூக்கவும் கொஞ்சம் துணி கூட விட வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? போட்டுப் பார்த்தபோது வாளை உருவ வேண்டிய தளபதி, தலையில் அரிப்பெடுத்தால்கூடச் சொறிந்துகொள்ள முடியாமல் நின்றேன். காஜா வெட்டினேன், அது பித்தானைவிடப் பெரிதாகிவிட்டது. பித்தான் போட்டதும் தானே கழன்றது. கடைசியில் உள்பக்கமாக ஊக்கு குத்திக்கொண்டேன்.

கை வெட்டின கதையைக் கேள். அன்றைக்குத் தரை மெழுகின ஈரம் காயவில்லை. பாவாடைத் துணியை அப்படியே விரித்தால் சாணிக் கறை பிடித்துவிடும் என்று, கொடியிலிருந்து எடுத்து வைத்திருந்த வேட்டியை அடியில் விரித்துக்கொண்டேன். அப்பா நல்லது கெட்டதுக்குக் கட்டிக்கொண்டு போகிற ஒரே வேட்டி. முதல் கையை வெட்டினேன். இரண்டாவது கையையும் அதே மாதிரி வைத்து வெட்டினேன். கத்தரிக்கோல் கொஞ்சம் கனமாகப் போகிறதே, துணி மடிந்திருக்கும் என்று நினைத்தேன். வெட்டி எடுத்த பிறகு பார்த்தால் என் கையில் அரக்கு நிறத்தில் ஒரு கையும், அதன் அடியில் வெள்ளை நிறத்தில் இன்னொரு கையும் இருந்தன.

அக்கா, அப்போது எனக்கு அழுகைகூட வரவில்லை. வேட்டியைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தேன். நடுவில் சட்டைக் கை அளவுக்கு ஒரு ஜன்னல். தோள்பட்டை வளைவுகூட அச்சாக இருந்தது. அந்தத் துண்டைத் திரும்ப வைத்துத் தைத்துப் பார்த்தேன். புடவைக் கொசுவம் மாதிரி சுருக்கிக்கொண்டது. பிரித்துவிட்டேன்.

அதற்கு மேல் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு கையையும் ஒரே மாதிரி வைத்து வெட்டியதால் இரண்டுமே இடது கை. வலது கைக்கு ஒன்றைத் திருப்பிப் போட்டால் பளபளப்பு உள்ளே போய் மங்கல் பக்கம் வெளியே வருகிறது. வேறு துணி ஏது? அப்படியே தைத்தேன். அக்குளில் பிடித்ததற்கு ஒட்டுப்போட அரக்குத் துணி மீதியில்லை. வேட்டியின் வெள்ளைத் துண்டிலிருந்துதான் வெட்டி வைத்தேன். கையைத் தூக்கினால்தானே தெரியும் என்று சமாதானம் செய்துகொண்டேன். தளபதி கையைத் தூக்காமல் வேறு என்ன செய்வான் என்று எனக்குத் தோன்றவில்லை பார்.

ஒருநாள் அப்பா சொல்லாமல் சீக்கிரம் வந்துவிட்டார். நான் மடியில் வைத்து உடுப்பின் கீழ் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று தாவணியால் மூடினேன். தண்ணீர் கேட்டார். எழுந்தால் உடுப்பும் என்னோடு எழுந்து வருகிறது! ஓரத்தை என் பாவாடையோடு சேர்த்தே தைத்திருக்கிறேன். கால் மரத்துப் போச்சுப்பா என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தானே போய்ப் பானையில் மொண்டு குடித்தார். “மரத்துப்போற அளவுக்கு இன்னாத்த ஒக்காந்துக்கினு கீறே?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

உடுப்பையும் ஓட்டை வேட்டியையும் மீதித் துண்டையும் உன் பழைய தகரப் பெட்டியில் ஒன்றாக ஒளித்து வைத்தேன். இன்று காலையில் உடுப்பை மட்டும் உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். அடியில் வேட்டி இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

சாயங்காலம் வகுப்பறையில் வேஷம் போட்டார்கள். அம்மணி எனக்கு மீசை வரைந்துவிட்டு, உடுப்பைப் பிரித்தவள், “ஏய், இன்னாடி மஞ்சளு?” என்றாள். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் மஞ்சள் தடவியிருந்தது. புதுத் துணி கட்டுமுன் அம்மா நுனியில் வைப்பாளே, அதே மஞ்சள்தான். சமைத்த கையோடு நான்தான் தொட்டிருப்பேன் என்று முதலில் நினைத்தேன். கிட்டே வைத்துப் பார்த்தேன். அம்மா மோதிர விரல் நுனியால் கடுகளவு வைப்பாள். இது கட்டைவிரல் அகலத்துக்கு, முரட்டுத்தனமாக அழுத்தி வைத்திருந்தது. அம்மா இருப்பது உன்னோடு விழுப்புரத்தில். வீட்டில் இருப்பது நானும் அப்பாவும்தான்.

பெட்டியைத் திறந்திருக்கிறார் என்றால் வேட்டியையும் பார்த்திருப்பார். பார்த்தவர் அடிக்கவில்லை, கேட்கவில்லை. எதற்கு மஞ்சள் வைத்தார்? அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அம்மணி என்னை முதுகில் கைவைத்து மேடைக்குத் தள்ளிவிட்டாள்.

மங்கல் கை தெரியாமலிருக்க, இடது பக்கத்தையே ஜனங்களுக்குக் காட்டிக்கொண்டு நண்டு மாதிரி நடந்தேன். வசனம் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. பிறகு வாளை உருவ வேண்டிய இடம் வந்தது. வலது கையைத்தான் தூக்க வேண்டும். தூக்கினேன். அக்குளில் பளிச்சென்று வெள்ளை. முன் வரிசைச் சின்னப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நான் சிரிப்பு வந்த பக்கம் பார்க்காமல் தூரத்தில் வேப்பமரத்தடியைப் பார்த்தேன். அங்கே ஆண்கள் நின்றிருந்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பக்கத்தில் அப்பா.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை அம்மா அவர் முன்னால் போனார். அப்பா மரியாதைக்காக மடிப்பை இறக்கிவிட்டார். முழங்காலுக்குக் கீழே வேட்டி திறந்துகொண்டது. தோள்பட்டை வளைவோடு சேர்ந்த அந்த ஜன்னல். நான் வெட்டின கை எனக்குத் தெரியாதா?

மில்லுக்குக் கட்டும் வேட்டியெல்லாம் எண்ணெய்க் கறை. அதைக் கட்டிக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்கு வர அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அப்பா அவசரமாகத் தோளிலிருந்த துண்டை எடுத்து ஓட்டையை மறைத்தார். நான் இன்னும் தூக்கின கையை இறக்கவில்லை. அவர் என் அக்குளைப் பார்த்தார். நான் அவர் முழங்காலைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் அந்தத் துண்டு அவர் வாய்க்குப் போய்விட்டது. தோள் இரண்டும் குலுங்கின, அக்கா. அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நீ பார்த்திருக்கிறாயா?

நாடகம் முடிந்து வெளியே வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். மீசையைக்கூட அழிக்கவில்லை நான். அவர் வேஷத்தைப் பற்றிப் பேசவில்லை. “அம்மணி வூட்டாரோட ஜல்தியா வூட்டுக்குப் போ. உள்ள தாழ்ப்பா போட்டுக்கோ. எனக்கு லோடு கீது” என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். வழியில் அம்மணியின் அம்மா சொன்னார்கள்: “ஒங்கப்பா பெரிய டீச்சரம்மாவ நிறுத்தி வெச்சிக்கினு, அஞ்சாம் பாரத்துப் பொஸ்தகம் எப்ப வாங்கணும்னு கேட்டுக்கினு இருந்தாரே, நீ பாக்கலியா?”

நான் பார்க்கவில்லை. அந்த அம்மாளுக்கு அரைகுறையாகக் காதில் விழுந்திருக்குமோ என்று பயமாகவும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வேட்டிக்குப் பதிலாக மீதி வெள்ளைத் துண்டு மட்டும் அழகாக மடித்து வைத்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றுதான் வயிறு நிறையச் சோறு இறங்கியது.

நாளைக்கு அத்தை வந்து கேட்கும்போது அப்பா சுவரைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்துப் பேச வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். காலையில் குழந்தைக்கு விபூதி வைக்கும்போது என்னையும் நினைத்துக்கொண்டு வை. வேட்டியில் இவ்வளவு பெரிய ஓட்டையைச் சுருங்காமல் அடைப்பது எப்படி என்று உனக்குத் தெரியும். அதை விவரமாக எழுது, அம்மணி விலாசத்துக்கே எழுது. அம்மாவிடம் நான் ஒழுங்காகச் சமைக்கிறேன் என்று சொல். குட்டிப் பயலுக்கு என்

அக்கா, கதவு தட்டுகிறது. அப்பாதான். விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டார். “வேணி, முழிச்சிக்கினுதான் கீறியா? வர்றப்பவே அந்த ஊசி நூலயும் எடுத்துக்கினு வா” என்கிறா