ஆச்சும்மா

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம், உங்கள் முட்டிவலி தேவலையா?

கிடங்கு வேலை போக, இணையத்தில் புரோகிராம் எழுதக் கற்கிறேன். அரிச்சுவடியிலிருந்துதான். கணினி “சாப்பிட்டாயா?” என்று கேட்க வேண்டும், “ஆம்” என்றால் நிறுத்த வேண்டும் என்று நேற்று எழுதினேன். ஓடவிட்டு, வாய்ப்பழக்கத்தில் “ஆச்சும்மா” என்று தட்டினேன். மறுபடி கேட்டது. எத்தனை ‘ஆச்சும்மா’ போட்டும் விடவில்லை.

அறையில் கூட இருக்கும் எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்து, “உங்கம்மாவே உள்ள உக்காந்திருக்காங்க போல” என்றார்.

பிறகு ‘ஆச்சும்மா’வையும் சேர்த்துத் திருத்தினேன். இப்போது சொன்ன உடனே நம்பி, பேசாமல் இருந்துவிடுகிறது.

என் பழைய கண்ணாடியைக் கொடுத்தனுப்புங்கள். திரையில் எழுத்து பொடியாக இருக்கிறது. கீழே வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் ‘ஆச்சும்மா’ என்றாலும், இன்னொரு தடவை கேளுங்கள்.

உங்கள் சின்னவன்